நாங்களும் ஃப்ரிட்ஜ் வாங்கினோம்!

"ஏங்க, இந்த வருஷமாவது..." என்று என் மனைவி ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை நானே முடித்துவிடுவேன். "...ஃப்ரிட்ஜ் வாங்கலாமா? அதானே!"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. என் பதில் மட்டும் சீசனுக்கு ஏற்ற மாதிரி மாறும். சித்திரையில் கேட்டால், "ஆடித் தள்ளுபடி வரட்டும்." ஆடியில் கேட்டால், "தீபாவளி போனஸ் வரட்டும்." தீபாவளிக்குக் கேட்டால், "மழைக் காலத்துல ஃப்ரிட்ஜ் எதுக்கு? திருவொற்றியூரே இப்ப ஃப்ரிட்ஜ் மாதிரிதானே இருக்கு!"

இதற்கு நடுவில் அடியேன் இருபத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு செல்போன் வாங்கினேன். அதற்கு ஆடி, தீபாவளி எதுவும் குறுக்கே வரவில்லை. (இந்த இடத்தில் சேர்க்கச் சொல்லி என் மனைவி கொடுத்த இரண்டு வரிகளை நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.)

இதில் பெரிய வேடிக்கை என் உத்தியோகம். ராஜாஜி சாலையில் ஹார்பருக்கு எதிரே ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வேர்டிங் கம்பெனியில் கிளார்க். என் டேபிளுக்கு வருவதில் பாதி, ரீஃபர் கண்டெய்னர் பேப்பர்கள். ரீஃபர் என்றால் வேறொன்றுமில்லை, கப்பலேறிப் போகிற நாற்பதடி நீள ஃப்ரிட்ஜ்! உள்ளே உறைய வைத்த இறால். மைனஸ் பதினெட்டு டிகிரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசையில் மணிக்கணக்காக நின்றாலும், அந்தப் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துறைமுகத்துக்குள் போனதும் முதல் வேலையாக பிளக்கில் சொருக வேண்டும். இரண்டு டிகிரி ஏறினால் போதும், எக்ஸ்போர்ட்டர் போனில் அலறுவார். நானும் பதறிப் போய் நாலு பேருக்கு போன் போடுவேன்.

இப்படிப் பகலெல்லாம் இறாலுக்குக் குளிர் போதுமா என்று குசலம் விசாரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மண்பானைத் தண்ணீர் குடிப்பேன்.

* * *

என் சோம்பேறித்தனத்துக்கு வீட்டிலேயே ஒரு பெரிய ஆதரவு இருந்தது. எங்கம்மா.

அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர் தெருக்களில் கூடை சுமந்து விற்றவள். முப்பது வருஷம். ஐஸ் ஃபேக்டரியில் உப்புத் தண்ணீரை அமோனியாவால் குளிர வைத்து, அதற்குள் நீளமான தகர டப்பாக்களை இறக்கி, பார் பாராக ஐஸ் எடுப்பார்கள். அதை மெஷினில் நொறுக்கிப் படகில் ஏற்றுவார்கள், கூடையில் போடுவார்கள். அந்த ஐஸைத் தட்டிப் பார்த்தே, இது நேற்று எடுத்ததா இன்று எடுத்ததா என்று அம்மா சொல்லிவிடுவாள்.

அதனாலேயே ஃப்ரிட்ஜ் என்றால் அவளுக்கு ஆகாது. "கடலு கூப்புடு தூரத்துல கீது. மீனைப் பொட்டியில அடைச்சு வெச்சுத் துன்றதுக்கு நாம இன்னா மலை மேலயா கீறோம்?"

"பார்த்தியா, அம்மாவே வேணாங்கறாங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நான் நியூஸ்பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். கேஸ் தள்ளுபடி!

அப்புறம் அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். பிரிக்காத மருந்து இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். பிரித்த மருந்து, சூடில்லாத அறையில் கிட்டத்தட்ட நாலு வாரம் தாங்குமாம். "ஆனா சித்திரை வெயில்ல நம்ம ஊர் அறையை நம்பாதீங்க" என்றும் சொன்னார். எங்கள் வீடோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாசத்தில் அங்கே அப்பளம் தானாகவே பொரியும்.

முதலில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, அதற்குள் மருந்தை வைத்தோம். ஃப்ரிட்ஜ் இல்லாத இடங்களில் நிஜமாகவே செய்கிற வழிதான். ஓரளவுக்குக் குளிர்ச்சி தரும். ஆனால் புழுக்கமான கடற்கரைக் காற்றில் அதன் வேலை பாதிதான். எங்கள் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா தானாகவே சொன்னார்: "எங்க ஃப்ரிட்ஜுல வைங்க தம்பி. ஒரு டப்பா வெக்க இடமா இல்ல?"

தங்கமான மனசு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே 'மருந்து' என்று எழுதிக் கொடுத்தோம். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என் மனைவி மாடிப்படி இறங்கி ஏறுவாள். 'அப்பாடா, ஃப்ரிட்ஜ் செலவு மிச்சம்' என்று என் மனசு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

* * *

2024 ஏப்ரலில் கீழ் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். வீடு நிறைய விருந்தாளிகள். ஃப்ரிட்ஜ் நிறைய மாவும், பாலும், பூவும், வஞ்சிரமும். இட நெருக்கடியில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பாட்டி ஒருவர் எங்கள் டப்பாவை எடுத்து, மருந்தாச்சே, இன்னும் நல்லா ஜில்லென்று இருக்கட்டும் என்கிற கருணையோடு ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார்.

விசேஷம் முடிந்து, யாரோ அதை மறுபடி கீழே எடுத்து வைத்துவிட்டார்கள். மருந்து உறைந்ததும் எங்களுக்குத் தெரியாது, உருகியதும் தெரியாது. அதே மருந்தை அம்மா ஆறு நாள் போட்டுக்கொண்டாள்.

தாகம் என்றாள். வெயில்தானே என்றோம். தலை சுற்றுகிறது என்றாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றோம். ஏழாம் நாள் காலையில் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 430.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "மருந்தை எங்க வெக்கிறீங்க?"

நான் பெருமையாக, "ஃப்ரிட்ஜுலதான் டாக்டர்" என்றேன்.

"கொண்டு வாங்க பார்ப்போம்."

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக உருட்டினார். உள்ளே பொடிப்பொடியாகத் துகள்கள். "இது உறைஞ்சு உருகின மருந்து. பார்க்க மருந்து மாதிரி இருக்கும். ஆனா நம்பிப் போட முடியாது. நீங்க இவ்வளவு நாளா ஊசி போட்டும் போடாத மாதிரிதான்."

மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். அம்மா பிழைத்துக்கொண்டாள். பில் 11,400 ரூபாய். பில்லைக் கையில் வாங்கியபோது மனசுக்குள் ஒரு சின்னக் கணக்கு ஓடியது. முக்கால் ஃப்ரிட்ஜ்!

அன்று ராத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஆபீசிலிருந்து போன். ஒரு கண்டெய்னரின் டெம்பரேச்சர் ரிப்போர்ட் வரவில்லையாம். எக்ஸ்போர்ட்டர் கத்துகிறாராம். பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டு போன் போட்டு அதை முடித்துக் கொடுத்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எவனோ சாப்பிடப் போகிற இறால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ராத்திரி பத்து மணிக்கு விசாரிக்கிறேன். அம்மா மருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை.

கீழ் வீட்டம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடம் கொடுத்தார். நான்தான் அந்த இடத்திலேயே குடியிருந்துவிட்டேன்.

* * *

'இந்த மாசமே ஃப்ரிட்ஜ்' என்று ஆபீசில் அறிவித்ததுதான் தாமதம், வேலையெல்லாம் நின்றது. நம்மவர்களுக்குக் கல்யாணத்துக்கு அடுத்தபடியாக ஆலோசனை சொல்லப் பிடித்த விஷயம், அடுத்தவன் வாங்கப் போகிற சாமான்.

எங்கள் சீனியர் ஒருவர், ரிட்டையராக ஆறு மாசம் இருப்பவர், சரித்திரத்திலிருந்து ஆரம்பித்தார். "தம்பி, இந்த மெட்ராஸுக்கு முதல்ல ஐஸ் எங்கேருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கா! பாஸ்டன்ல ட்யூடர்னு ஒருத்தர். அங்க குளிர்காலத்துல உறைஞ்ச குளத்தை அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல ஏத்தினார். 1833-ல கல்கத்தாவுக்கு வந்தது. 1842-ல மெட்ராஸ்ல அதுக்குன்னே ஒரு கட்டடம் கட்டினாங்க. மெரினாவுல இருக்கே விவேகானந்தர் இல்லம், அதுதான் அந்த ஐஸ் ஹவுஸ். அப்ப இங்க ஹார்பரே கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும், படகுல அலையைத் தாண்டிக் கொண்டு வரணும். அவன் மாசக்கணக்காக் கடல் தாண்டிக் கொண்டாந்தான். நீ தண்டையார்பேட்டைக் கடைக்குப் போக எட்டு வருஷம் எடுத்துக்கிட்டே!"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பக்கத்து சீட் நண்பர் சிக்கனவாதி. "புதுசு எதுக்கு தலைவரே? செகண்ட் ஹாண்ட் ஆறாயிரத்துக்குக் கிடைக்கும்." அவரோடு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். பளபளவென்று துடைத்து வைத்த ஒரு ஃப்ரிட்ஜ். முழங்கால் உயரத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு.

"இது என்னங்க கோடு?"

"அது டூ-டோன் பெயிண்ட் சார். லேட்டஸ்ட் டிசைன்" என்றார் கடைக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வட சென்னைக்காரனிடமா! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், எண்ணூர் முகத்துவாரம், எர்ணாவூர் பக்கமெல்லாம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்ததும், அது வடிந்த பிறகு சுவரில் கோடு போட்டதும் எங்களுக்கு மறக்குமா? கம்ப்ரஸரும் வயர்களும் ஃப்ரிட்ஜின் அடியில் பின்பக்கம்தான் இருக்கின்றன. முழங்கால் வரை தண்ணீர் நின்ற ஃப்ரிட்ஜ் என்றால் அதன் உயிர்நாடியே முழுகி எழுந்திருக்கிறது என்று அர்த்தம். தவிர, கடற்கரை உப்புக் காற்றில் பின்பக்கக் குழாய்களும் அடித்தகடும் துருப்பிடிக்கும். துருவில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் காஸ் போச்சு. பழசு வாங்கித்தான் தீரவேண்டும் என்பவர்கள் முகப்பைப் பார்க்காதீர்கள். முதுகைப் பாருங்கள். ஓடவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே டீ குடியுங்கள். மருந்து வைக்கப் போகிற எனக்கு அந்த ரிஸ்க் வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

* * *

பட்ஜெட் பதினாறாயிரம். ஒன்பதாயிரம் சேமிப்பு. இரண்டாயிரம் மனைவியின் சீட்டு. மிச்சம் ஐந்தாயிரத்துக்கு விழித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். எல்லாம் ஐம்பதும் நூறுமாக, மீன் வாடை போகாத நோட்டுகள்.

"உனக்குத்தான் ஃப்ரிட்ஜே பிடிக்காதேம்மா?"

"அந்தப் பொட்டி புடிக்கலதான். உன் பொஞ்சாதி தெனம் ரெண்டு தபா படி எறங்கி ஏர்றாளே, அது மட்டும் புடிக்குதா எனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா, மனைவி, மூன்றாம் கிளாஸ் மகள், நான் என்று குடும்ப சகிதமாகத் தண்டையார்பேட்டையில் ஒரு பெரிய கடைக்குப் படையெடுத்தோம்.

விற்பனைப் பையன் டை கட்டியிருந்தான். "ஃபேமிலி எத்தனை பேர் சார்? நாலா? அப்ப முந்நூறு லிட்டர் டபுள் டோர்தான் சார் கரெக்ட். இதுல வைஃபை இருக்கு."

"ஃப்ரிட்ஜுக்கு வைஃபை எதுக்குப்பா? அது யாரோட பேசணும்?"

"உங்க செல்லுக்கு மெசேஜ் அனுப்பும் சார்."

"ஏற்கெனவே வீட்டிலேருந்து ஒருத்தி அனுப்பறா. அதுக்கே பதில் போட முடியலை" என்றேன். மனைவி முறைத்த முறைப்பில் எதிரே இருந்த ஏ.சி.க்கு வேலை இல்லாமல் போனது.

லிட்டர் விஷயத்தில் சீனியர் ஏற்கெனவே உஷார்ப்படுத்தியிருந்தார். அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் 165 லிட்டர்தான். அதில் ஆறு பேர் குடும்பம் நடக்கும். தினம் மார்க்கெட் போகிறவனுக்கும், வாரம் ஒரு முறை போகிறவனுக்கும் ஒரே அளவு கிடையாது. எங்கள் வீட்டிலோ மீன் உள்ளேயே போகாது. மாவு, பால், காய்கறி, மருந்து. 180, 190 லிட்டர் சிங்கிள் டோர் தாராளம்.

அடுத்தது ஸ்டார் விவகாரம். பையன் ஐந்து ஸ்டாரைக் காட்டி, "கரண்டு பில்லே வராது சார்" என்றான். ஸ்டிக்கரில் ஸ்டாருக்குக் கீழே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு நம்பர் போட்டிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். நான் பாக்கெட்டிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். (கிளார்க் புத்தி எங்கே போகும்?)

ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு ஃப்ரிட்ஜ். மூன்று ஸ்டார் 14,200 ரூபாய், வருஷத்துக்கு 155 யூனிட். ஐந்து ஸ்டார் 17,400 ரூபாய், 115 யூனிட். மிச்சமாவது வருஷத்துக்கு 40 யூனிட். எங்கள் போர்ஷனுக்கு சப்-மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். (2016-ல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அந்த இலவசம் மாடிப்படி ஏறி எங்களிடம் வரவில்லை!) 40-ஐ எட்டால் பெருக்கினால் 320 ரூபாய். அதிகப்படியாகக் கொடுக்கிற 3,200-ஐ எடுக்கப் பத்து வருஷம்! யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் கொடுப்பவராக இருந்தால் பதினாறு வருஷம். சின்ன ஃப்ரிட்ஜே குறைவாகக் குடிக்கிற பிராணி என்பதால், அதில் மிச்சம் பிடிக்கவும் அதிகம் இல்லை. பெரிய ஃப்ரிட்ஜ், ஏ.சி. என்றால் கணக்கு மாறும். அதனால் ஸ்டாரை எண்ணாதீர்கள். யூனிட்டை எண்ணுங்கள். ஸ்டிக்கரில் எந்த வருஷத்து ஸ்டார் என்றும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள். பழைய ஐந்து புது நாலாக இருக்கும்.

அப்புறம் ஃப்ராஸ்ட் ஃப்ரீயா, டைரக்ட் கூலா? ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் உள்ளே ஃபேன் சுற்றும். ஐஸ் கட்டாது, குளிர் எல்லாத் தட்டிலும் சமமாகப் பரவும். மருந்துக்கு அது நல்லதுதான். ஆனால் அங்கே பார்த்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ 26,500 ரூபாய், 225 யூனிட். டைரக்ட் கூலில் ஃப்ரீசர் ஓரம் ரொம்பக் குளிரும், கீழே குறையும், ஐஸை நாமே அவ்வப்போது கரைக்க வேண்டும். அதற்குப் பதில் விலை பத்தாயிரம் கம்மி. எந்தத் தட்டில் என்ன குளிர் என்று கவனித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு டைரக்ட் கூல் போதும் என்று முடிவு செய்தேன். கவனிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்!

"ஜீரோ பர்சன்ட் இ.எம்.ஐ. போட்டுக்கலாம் சார். டபுள் டோரே எடுத்துடலாம்" என்று பையன் கடைசி அஸ்திரத்தை வீசினான். ஒரு நிமிஷம் ஆடிப்போனேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊர்க்காரன் இல்லையா? சட்டென்று ஞானம் வந்துவிட்டது. "ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு குறைப்பே?" என்றேன். எண்ணூறு ரூபாய் குறைப்பானாம். இ.எம்.ஐ. என்றால் அந்த எண்ணூறும் கிடையாது, பிராசஸிங் ஃபீஸ் வேறு. அப்புறம் என்ன ஜீரோ? வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளைக் கண்டித்திருக்கிறது.

* * *

இத்தனை நேரம் பேசாமல் இருந்த அம்மா எழுந்து வந்தாள். ஒரு ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தாள், மூடினாள். ஓரத்து ரப்பரைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள். நோட்டு வரவில்லை. பக்கத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். மேலே வரவில்லை. கீழ் மூலையில் சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"இதுல காத்து பூர்து. அது வேணாம்" என்றாள். ஐஸ் பெட்டியின் மூடியைச் சோதித்த முப்பது வருஷ அனுபவம்!

அப்புறம் பையனைப் பார்த்து, "நைனா, கரண்டு போச்சுன்னா எத்தினி மணி நேரம் ஜில்லுனு இருக்கும்?" என்று கேட்டாள்.

பையன் திருதிருவென்று விழித்தான். வைஃபை பற்றித் தெரிந்த அளவுக்கு அவனுக்கு இது தெரியவில்லை. மானேஜரைக் கூட்டி வந்தான். அவர் அனுபவஸ்தர். "திறக்காம இருந்தா ஒரு மூணு, நாலு மணி நேரம் தைரியமா இருக்கலாம்மா. ஃப்ரீசர்ல ரெண்டு பாட்டில் தண்ணி எப்பவும் உறைய வெச்சு விட்டுடுங்க. கரண்டு போனாலும் அந்த ஐஸ் காப்பாத்தும்."

"ஆங்! இவுருதான் யாவாரி" என்று அம்மா சர்டிபிகேட் கொடுத்தாள்.

அந்த மானேஜரே இன்னும் சில விஷயங்களைச் சொன்னார். பத்து வருஷ வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது கம்ப்ரஸருக்கு மட்டும்தான். மற்ற பாகங்களுக்கு ஒரே வருஷம். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று போட்டிருந்தால், எத்தனை வோல்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை என்று பாருங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் காற்றோட்டம் வேண்டும். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். "அடியில வெங்காய டிராயர் வெச்ச மாடல் எழுநூறு ரூபாய் கூட சார். ஆனா உயரம் கிடைக்கும். தரை ஈரம் பிடிக்காது. தனியா ஸ்டாண்டு வாங்க வேணாம்." 14,900-லிருந்து எண்ணூறு குறைத்து 14,100-க்கு பில் போட்டார். பட்ஜெட்டில் 1,900 ரூபாய் மிச்சம்!

'இலவச டெலிவரி' தெரு முனையோடு நின்றுவிட்டது. எங்கள் சந்தில் வேன் நுழையாது. அம்மாவே போய் ஒரு மீன்பாடி வண்டியைக் கூட்டி வந்தாள். முதல் நாளே மகளின் ஸ்கேலை வைத்து மாடிப்படி அகலத்தை அளந்து வைத்திருந்தேன், 27 அங்குலம். ஃப்ரிட்ஜ் 21 அங்குலம். திருப்பத்தில் மட்டும் சுவரோடு உரசி, நாலு பேர் 'ஏலேலோ' போடாத குறையாக மேலே வந்து சேர்ந்தது. டபுள் டோர் வாங்கியிருந்தால் இன்றைக்கும் அது மாடிப்படித் திருப்பத்தில்தான் இருந்திருக்கும், நாங்கள் அதன் மேல் ஏறித்தான் வீட்டுக்குப் போயிருப்போம். வாங்குவதற்கு முன் வீட்டை அளங்கள், நண்பர்களே!

* * *

மிச்சப் பணத்தில் முதல் செலவு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். முதல் நாள், ஆசையில் குமிழை உச்சத்தில் திருப்பி வைத்திருந்தோம். காலையில் பார்த்தால் ஒரு டிகிரி! உள்ளே மருந்து வைத்திருந்தால் மறுபடி அதே கதைதான். குமிழைப் பாதிக்குக் குறைத்தேன். மறுநாள் ஐந்து. அதற்கு அடுத்த நாளும் ஐந்து. கதவுத் தட்டில் வைத்துப் பார்த்தேன். திறந்து மூடும்போதெல்லாம் மேலே ஏறியது. ஆகவே மருந்துக்கு இடம் நடுத்தட்டின் நடு. ஃப்ரீசரை ஒட்டாமல், பின் சுவரைத் தொடாமல், மூடி போட்ட டப்பாவில்.

மூன்றாம் நாள் சாயங்காலம், புது மருந்தை அம்மா கையாலேயே உள்ளே வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டுக் கதவை மூடியவள், மறுபடி திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் நானும் ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. காலை ஏழு மணி, ராத்திரி எட்டு மணி, எத்தனை டிகிரி என்று எழுதுகிறேன். நான் மறந்தால் மகள் எழுதுகிறாள். ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாடா, டிகிரி பாத்தியா?" என்று எக்ஸ்போர்ட்டர் மாதிரி அம்மா அதட்டுகிறாள்.

மூன்று மாசம் கழித்து ஒரு ராத்திரி. கீழ் வீட்டம்மா கையில் ஒரு பாத்திரத்தோடு தயங்கித் தயங்கி மாடியேறி வந்தார்.

"தம்பி... எங்க ஃப்ரிட்ஜு ரிப்பேர் ஆயிடுச்சு. நாளைக்கித்தான் மெக்கானிக் வருவாராம். ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிட்டேன். இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்..."

எனக்கு ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறக்க யோசித்தேன். அதற்குள் அம்மா எழுந்துபோய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"இதுக்குப் போய் இன்னாத்துக்குமா இவ்ளோ ரோசனை? ஃப்ரீசருல இடம் கீது, வெச்சுக்கோ" என்றவள், மீனை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து விரலை நீட்டிக் காட்டினாள்.

"ஆனா ஒண்ணு. இந்த நடுத்தட்டுல மட்டும் யாரும் கை வெக்கப்படாது. அது எம் புள்ள ஆபீசு!"